டனானா ஆற்றுப் படிமேடைகளின் காட்டு மண்: பாட்சாலா, வண்டலா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது பெயர் பற்றிய கேள்வி. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு அருகே டனானா ஆற்றங்கரைக் காட்டில் தோண்டிய ஒரு மண்குழியின் விவரக் குறிப்பைப் படித்திருக்கிறீர்கள். மேலே ஒரு சாண் தடிமனுக்குப் பாசியும் மக்கிய இலைதழையும், அதன் கீழே சாம்பல் நிற வண்டல், அரை மீட்டர் ஆழத்தில் உறைந்த மண் என்று அதில் எழுதியிருக்கிறது. ஊசியிலைக் காட்டு மண் பாட்சால் என்று பள்ளியில் படித்தோம். ஆறு கொண்டுவந்து சேர்த்த மண் வண்டல், அது வளமானது என்றும் படித்தோம். அப்படியானால் இது இரண்டில் எது, வளமானதா இல்லையா என்று கேட்கிறீர்கள். கூடவே, சில நூறு மீட்டர் தள்ளி ஆற்றுக்கு அருகில் தோண்டிய இன்னொரு குழியில் உறைமண்ணே (கோடையிலும் உருகாமல் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் மண்) இல்லை என்பதைச் சுட்டி, "இரண்டும் ஒரே ஆற்றின் மண்தானே?" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. அதற்கு விடை கிடைத்தால் பெயரும் வளமும் தாமாகவே விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் மண்ணியல் படித்தவன். அந்தப் பள்ளத்தாக்கில் சில கோடைகளில் குழி தோண்டி அடுக்குகளைப் பதிவு செய்திருக்கிறேன். பிற்பாடு வேறு நாடுகளில் மண் வரைபட வேலை பார்த்தேன். அந்த அளவுக்கு உட்பட்டதுதான் இந்தப் பதில்.

முதலில் இடம். டனானா, யூக்கான் ஆற்றின் துணையாறு. அலாஸ்கா மலைத்தொடரின் பனியாறுகள் உருகி வரும் நீரே அதன் பெரும்பங்கு. அதனால் பனி உருகும் வசந்தத்தைவிட ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அது அதிகம் பெருகுகிறது. நீரும் பால் கலந்த சாம்பல் கரைசல் போலக் கலங்கியே ஓடுகிறது. ஃபேர்பேங்க்ஸில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 0 பாகை செல்சியஸுக்குக் கீழே 2 அல்லது 3 பாகை. ஜனவரிச் சராசரி கழித்தல் 20-க்கும் கீழே இறங்கும். ஜூலையில் 16, 17 பாகை இருக்கும். மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 300 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். குளிர்நாட்டுக் காடு என்றதும் ஈரம் சொட்டும் காட்டை நினைத்துக்கொள்கிறோம். மழையளவை மட்டும் வைத்துச் சொன்னால் இது வறண்ட நாடு. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்த ஆறு ஒரே கால்வாயில் ஓடுவதில்லை. பின்னலை அவிழ்த்துப் போட்டது போலப் பல கிளைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து, ஒரு பக்கம் கரையை அரித்துக்கொண்டும் மறுபக்கம் புதுத் திட்டுகளைப் படியவிட்டும் செல்கிறது. புதிதாகத் தோன்றிய திட்டு முதலில் ஆண்டுதோறும் நீரில் மூழ்கும். ஒவ்வொரு வெள்ளமும் சிறிது மண்ணைப் போட்டுவிட்டுப் போவதால் அது உயர்ந்துகொண்டே வருகிறது, ஆறும் விலகிப் போகிறது, மூழ்குவது அரிதாகிறது. இப்படி வெள்ளத்தின் கைக்கு ஏறக்குறைய எட்டாத உயரத்துக்கு வந்துவிட்ட தட்டை நிலத்தையே படிமேடை என்கிறோம். ஆகவே ஆற்றோரத்திலிருந்து உள்ளே நடப்பவர் சில மீட்டர் உயர வேறுபாட்டுக்குள் சில நூற்றாண்டுகளைக் கடந்து போகிறார். உங்கள் இரண்டு குழிகளும் ஒரே ஆற்றின் மண் என்பது சரி. அவை ஒரே வயது மண் அல்ல.

இங்கே நம் மொழியின் ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். ஆறு படியவைத்த மண் முழுவதையும் வண்டல் என்கிறோம். மணலைவிட நுண்ணியதும் களியைவிடப் பருத்ததுமான, 0.05 முதல் 0.002 மில்லிமீட்டர் வரை உள்ள துகளையும் வண்டல் என்றே சொல்கிறோம். டனானா மண் இரண்டு பொருளிலும் வண்டல். அடியில் சரளையும் மணலும் கிடக்க, மேல் ஒரு மீட்டர் அளவுக்கு இந்த நுண்துகளே நிறைந்திருக்கிறது. பனியாறு பாறையை அரைத்துத் தள்ளிய மாவு அது. விரலால் தேய்த்தால் மாவு போலவே வழுக்கும். காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காத் துகள்கள் வெயிலில் மின்னும். வேதிச் சிதைவு அதிகம் நடக்காத, இயந்திரத்தில் அரைத்தது போன்ற புதுப் பாறைப்பொடி என்பதால் களி மிகக் குறைவு. சுண்ணாம்புச் சத்தோ தாராளம். இளம் திட்டின் மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கும்.

அந்த இளம் திட்டில் மரம் இல்லை, நிழல் இல்லை. கோடையில் இருபது மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். மழையோ, ஆவியாகக்கூடிய நீரின் அளவுக்கு ஈடாகாது. நிலத்தடி நீர்மட்டம் ஆற்றோடு சேர்ந்து ஏறியிறங்குவதால் எப்போதும் அருகிலேயே இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல் நுண்வண்டல் அந்நீரை மேலே இழுக்கிறது. நீர் ஆவியாகிவிட, கரைந்திருந்த கால்சியம் சல்ஃபேட்டும் கார்பனேட்டும் மேற்பரப்பில் வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடுகின்றன. பாலைவன ஓரங்களில் பார்க்கும் உப்புப் பொருக்கை, குளிர்காலத்தில் கழித்தல் 40 பாகையைத் தொடும் ஓர் ஊரில் முதன்முதலாகப் பார்த்தபோது என் கண்ணை நானே நம்பவில்லை. அந்நிலையில் மண்ணின் பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும்; தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகமிகக் குறைவாக இருக்கும்.

இதன் மேல்தான் காடு ஏறுகிறது. முதலில் வில்லோப் புதர்கள். அவற்றை மூஸ் என்ற பெரிய மான்களும் பனி முயல்களும் மேய்ந்து குறைக்க, மேய்ச்சலுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஆல்டர் தலையெடுக்கிறது. நம் ஊர் அகத்தி, சணப்பு போன்றவற்றின் வேர்முடிச்சில் ரைசோபியம் செய்யும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் வேலையை ஆல்டரின் வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் செய்கிறது. இருபது, முப்பது ஆண்டுகளில் மண்ணின் நைட்ரஜன் இருப்பு பெருமளவு உயர்வது இந்தக் கட்டத்தில்தான். நிழல் விழுந்ததால் ஆவியாதல் குறைந்து உப்புப் பொருக்கு மறைகிறது, இலைச்சருகு சேர்ந்து முதல் மக்கு அடுக்கு தோன்றுகிறது, பி.எச். இறங்கத் தொடங்குகிறது. பிறகு பால்சம் பாப்லர் என்ற இலையுதிர் மரம் உயர்ந்து ஆல்டரை மூடுகிறது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆனதும் பாப்லரின் நிழலில் மெதுவாக வளர்ந்துவந்த வெள்ளை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் மேலே வந்துவிடுகிறது. இந்த வரிசையைப் பலர் ஆராய்ந்திருந்தாலும், ஃபேர்பேங்க்ஸுக்குத் தென்மேற்கே உள்ள பொனான்சா கிரீக் ஆய்வுக் காட்டில் கீத் வான் கிளீவ், லெஸ்லி வீரெக், ஸ்டூவர்ட் சாப்பின் முதலியோர் செய்த வேலையே அடிப்படை. அந்த இடம் 1987 முதல் நீண்டகாலச் சூழலியல் ஆய்வு நிலையமாகவும் இயங்கிவருகிறது.

வெள்ளை ஸ்ப்ரூஸ் நிற்கும் இளைய படிமேடையில் தோண்டினால் வெட்டுமுகம் ஏடு ஏடாக இருக்கும். ஒரு விரல் தடிமனில் வண்டல், அதன் கீழே நூல் போல் மணல், பிறகு மறுபடி வண்டல், நடுநடுவே கறுப்புக் கோடுகள். அந்தக் கறுப்புக் கோடு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் காட்டின் தரையாக இருந்தது. ஒரு வெள்ளம் வந்து அதன் மேல் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறது. மூடுண்ட மரங்கள் அடிமரத்திலிருந்து புது வேர்களை விட்டு மேலே புது தரையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. இரண்டடுக்கு, மூன்றடுக்காக வேர்விட்ட ஸ்ப்ரூஸ் கட்டையைப் பார்த்தால், மரத்தின் வளையங்களை எண்ணுவதற்கு முன்பே அந்த இடத்துக்கு எத்தனை பெரிய வெள்ளம் வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இந்த ஏடுகள் கலையாமல் இருப்பதே மண் இளமையாக இருக்கிறது என்பதற்குச் சான்று. இங்கே உறைமண் இல்லை. குளிர்காலத்தில் ஆழமாக உறைந்தாலும் கோடை முடிவதற்குள் முழுவதும் உருகிவிடும். அமெரிக்க மண் வகைப்பாட்டில் இதற்குக் கிரையோஃப்ளூவென்ட் என்று பெயர்: குளிர்ந்த, ஆறு படியவைத்த, இன்னும் தனக்கென அடுக்குகள் உருவாகாத மண். உங்கள் இரண்டாவது குழி இதுவாகவே இருக்க வேண்டும்.

முதல் குழிக்கு வருவோம். வெள்ளை ஸ்ப்ரூஸ் காடு முதிரும்போது தரையில் இறகுப் பாசிகள் பரவுகின்றன. இலையுதிர் மரங்கள் இருந்தவரை ஆண்டுதோறும் விழும் அகன்ற இலைகள் பாசியை மூடி அமுக்கிவைத்திருந்தன. ஊசியிலை அப்படி மூடாது. பாசி மெதுவாக மக்கும். மேலே வளர்ந்துகொண்டே போகும். இப்படி உருவாகும் மெத்தை ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு போல வேலை செய்கிறது என்பதுதான் இந்த மண்ணைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. கோடையில் பாசியின் மேற்பகுதி காய்ந்துவிடுகிறது. காய்ந்த பாசிக்கரி, அதாவது அரைகுறையாக மக்கிய பாசி, வெப்பத்தைக் கடத்தும் திறன் மீட்டருக்கு ஒரு பாகைக்கு 0.06 வாட் அளவுதான். நாம் பயன்படுத்தும் தெர்மாகோலைவிட அதிகம் மோசமில்லை. எனவே கோடை வெப்பம் கீழே இறங்குவதில்லை. இலையுதிர் காலத்தில் மழையும் குளிரும் சேர்ந்து அதே மெத்தை நீரில் ஊறிவிடுகிறது, பிறகு உறைகிறது. பனிக்கட்டி நீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே கோடையில் வெப்பத்தை உள்ளே விடாத அதே மெத்தை, குளிர்காலத்தில் மண்ணில் மிஞ்சியிருக்கும் வெப்பத்தைத் தாராளமாக வெளியே விட்டுவிடுகிறது. மேலே இருக்கும் பனிப்போர்வை இதை ஓரளவு தடுக்கும். ஆனால் அடர்ந்த ஸ்ப்ரூஸ் கிளைகள் பனியில் ஒரு பங்கைத் தரைக்கு வரவிடாமல் தாங்கிக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு கணக்குப் பார்த்தால் மண் வெப்பத்தை இழந்துகொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில், குளிர்காலத்தில் உறைந்தது அடுத்த கோடையில் முழுவதும் உருகாமல் மிஞ்சுகிறது, உறைமண் பிறந்துவிடுகிறது. அது பிறந்ததும் வடிகால் அடைபட்டு நீர் மேலேயே தேங்க, இறகுப் பாசியோடு ஸ்ஃபாக்னம் பாசியும் சேர்ந்துகொள்கிறது. மெத்தை இன்னும் தடிக்கிறது. கோடையில் உருகும் அடுக்கு அரை மீட்டர் அளவுக்குக் குறுகிவிடுகிறது. வெள்ளை ஸ்ப்ரூஸால் அந்த ஈரத்திலும் குளிரிலும் நிற்க முடிவதில்லை. பழைய படிமேடைகளில் நாம் பார்ப்பது கை தடிமனே உள்ள, சாய்ந்தும் வளைந்தும் நிற்கும் கறுப்பு ஸ்ப்ரூஸ்.

இது காகிதத்தில் போட்ட கணக்கு மட்டும் அல்ல. ஃபேர்பேங்க்ஸில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1946-இல் ஒரு காட்டுத் துண்டை மூன்றாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டார்கள். இரண்டாவதில் மரங்களை மட்டும் வெட்டிப் பாசிமெத்தையை விட்டுவைத்தார்கள். மூன்றாவதில் மெத்தையையும் சேர்த்து வழித்தெடுத்தார்கள். 26 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொடாத துண்டில் உறைமண்ணின் மேல்மட்டம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. மரம் மட்டும் வெட்டியதில் சுமார் 4.7 மீட்டர் ஆழத்துக்கும், வழித்தெடுத்ததில் சுமார் 6.7 மீட்டர் ஆழத்துக்கும் அது இறங்கிவிட்டிருந்தது. அந்த இடம் ஆற்றுப் படிமேடை அல்ல, குன்றடிச் சரிவின் நுண்வண்டல். எனவே அந்த எண்களை அப்படியே எடுத்து டனானா கரையில் பொருத்தக் கூடாது. ஆனால் அங்குள்ள காலநிலையில் உறைமண்ணைக் காத்துவைத்திருப்பது மேலே உள்ள காடும் பாசியும்தான் என்பதை அது ஐயமில்லாமல் காட்டிவிட்டது. சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரில் நிலை வேறு. அங்கே 1820-களின் இறுதியில் ஷெர்கின் என்ற வணிகர் நீருக்காகக் கிணறு வெட்ட முனைந்து, 1830-களில் 116 மீட்டர் போன பிறகும் உறைமண்ணின் அடியைக் காணாமல் நிறுத்திவிட்டார். லேனா ஆற்றின் படிமேடைகளில் உள்ள அந்த உறைமண் காற்றின் குளிராலேயே நிலைத்து நிற்கும். காட்டை அழித்தால் மேலே சில மீட்டர் உருகலாம், அடியோடு போய்விடாது. டனானாவின் உறைமண்ணோ காடு பெற்ற பிள்ளை. உறைமண்ணைக் காலநிலையால் உருவாவது, சூழலமைப்பால் உருவாவது என்று வகை பிரித்து யூரி ஷூர், டோரே யார்கன்சன் இருவரும் 2007-இல் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டுக்கு ஒரு சட்டகம் தந்தது.

உங்கள் குறிப்பில் உள்ள சாம்பல் நிறம் இப்போது விளங்கும். உறைமண் அடியில் தட்டுப் போட்டது போல் நீரைத் தாங்கிக்கொள்ள, அதன் மேலுள்ள வண்டல் கோடை முழுவதும் ஊறிக்கிடக்கிறது. காற்றுப் புகாத மண்ணில் இரும்பு ஒடுக்கமடைந்து நிறமிழக்கிறது; மண் சாம்பலாகவும் சற்றே நீலம் பாய்ந்தும் தெரிகிறது; வேர் போன வழியில் மட்டும் காற்றுப் பட்டுத் துருப்புள்ளிகள் இருக்கும். நம் நஞ்சை வயலில் நெல்வேரைச் சுற்றிப் பார்க்கும் அதே துருக்கோடுதான். கைமண்ணை உருட்டினால் நொளுநொளுவென்றிருக்கும். பிடித்துத் தட்டினால் நீர் மேலே கசியும். உறைந்த பகுதியை உடைத்துப் பார்த்தால், வண்டலுக்கு இடையில் மயிரிழை முதல் விரல் தடிமன் வரை தெளிந்த பனிக்கட்டி ஏடுகள் தெரியும். மணலில் நீர் மேலேற முடியாது. களியில் ஏறும், ஆனால் மிக மெதுவாக. நுண்வண்டலில்தான் இரண்டும் பொருந்திவருவதால், உறைமுனையை, அதாவது உறைதல் இறங்கிவரும் எல்லையை, நோக்கி நீர் தொடர்ந்து இழுக்கப்பட்டுப் பனி ஏடுகள் வளர்கின்றன. இம்மண்ணின் மேல் போட்ட சாலைகள் அலையலையாகத் தூக்கிக்கொள்வதற்கும் இதுவே காரணம். வகைப்பாட்டில் இது ஜெலிசால். மேல் ஒரு மீட்டருக்குள் உறைமண் இருந்தால், அல்லது உறைதலால் கலைந்த அடுக்கு ஒரு மீட்டருக்குள்ளும் உறைமண் இரண்டு மீட்டருக்குள்ளும் இருந்தால், ஒரு மண் இந்த வரிசையில் சேரும். இந்த வரிசையே 1990-களில்தான் சேர்க்கப்பட்டது. பழைய அறிக்கைகளில் இதே மண்ணைப் பெர்ஜெலிக் கிரையாக்வெப்ட் என்று எழுதியிருப்பார்கள். இரண்டு பெயரையும் பார்த்து இரண்டு மண் என்று எண்ணிவிட வேண்டாம்.

பாட்சால் ஏன் இல்லை என்பதற்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ரஷ்ய உழவர் வழக்கிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு "அடியில் சாம்பல்" என்று பொருள். ஊசியிலையின் அமிலச்சாறு நீரோடு கீழிறங்கி, மேலடுக்கின் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு போய்க் கீழே ஓர் அடுக்கில் சேர்க்க, நடுவில் வெளிறிய சாம்பல் அடுக்கு மிஞ்சுகிறது. இது நடக்க மண்ணை ஊடுருவிப் போகும் அளவுக்கு மழை வேண்டும். நீர் தங்காமல் இறங்கும் மணற்பாங்கு வேண்டும். அமிலத்தை எதிர்க்கும் சுண்ணாம்பு இல்லாமல் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். டனானா படிமேடையில் இந்த நான்கும் இல்லை. மேலே மக்கின் பி.எச். 5-க்கு இறங்கியிருக்கலாம், அரை மீட்டர் கீழே அதே மண் இன்னும் நடுநிலையாகவோ லேசான காரமாகவோ இருக்கும். பாடப்புத்தகம் முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஸ்காண்டிநேவியாவின் மணற்பாங்கான பழைய ஆற்றுமேடைகளிலும், மழை கொட்டும் தென்கிழக்கு அலாஸ்காக் கரையிலும் அருமையான பாட்சால்கள் உண்டு. தவறு எங்கே என்றால், உலகப் படத்தில் ஊசியிலைக் காட்டுப் பட்டை முழுவதற்கும் ஒரே வண்ணத்தைத் தீட்டியதில். உங்கள் குழியின் சாம்பல் நிறம் நீர் தேங்கியதால் வந்தது. பாட்சாலின் சாம்பல் நீர் கழுவியதால் வருவது. நிறம் ஒன்று, காரணம் நேரெதிர். களத்தில் புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்; நானும் தடுமாறியிருக்கிறேன்.

வளத்தைப் பொறுத்தவரை, ஆய்வுக்கூட அறிக்கையை மட்டும் பார்த்தால் இது நல்ல மண். கால்சியம், மக்னீசியம் தாராளமாக இருக்கின்றன; புதுப் பாறைப்பொடியின் கனிமச் செல்வம் அப்படியே இருக்கிறது. கறுப்பு ஸ்ப்ரூஸின் கீழே மொத்த நைட்ரஜனும்கூட நிறையவே உண்டு. ஆனால் அது பூட்டிய பெட்டியில் இருக்கும் பணம். மக்கினால்தான் கைக்கு வரும், குளிரில் மக்குவதில்லை. வான் கிளீவ் குழுவினர் கறுப்பு ஸ்ப்ரூஸ் காட்டுத் தரையில் வெப்பக் கம்பிகளைப் பதித்து மூன்று கோடைகளுக்கு மண்ணை 8 முதல் 10 பாகை வரை கூடுதலாகச் சூடாக்கிப் பார்த்தார்கள். மக்கு வேகமாகச் சிதைந்தது, மண்ணில் கிடைக்கும் நைட்ரஜன் உயர்ந்தது, மரங்களின் ஊசியிலைகளிலும் சத்து கூடியது. உரம் எதுவும் போடவில்லை, சூடு மட்டுமே. அதேபோல, இக்காட்டின் தாவரங்கள் மக்குதல் முழுமையாக முடியும்வரை காத்திருக்காமல் அமினோ அமிலங்களை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்கின்றன என்பதும் டனானா கரையிலேயே கண்டறியப்பட்டது. வளமா வளமில்லையா என்று கேட்டால், வளம் இருக்கிறது, வெப்பம் இல்லை என்பதே நேரான விடை.

அப்படியானால் காட்டை வெட்டிச் சூடாக்கிப் பயிர் செய்யலாமே என்று தோன்றும். செய்கிறார்கள், டனானாப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வாற்கோதுமை, வைக்கோல்புல் எல்லாம் விளைகின்றன. உறைமண் இல்லாத மேடைகளிலும், காற்று கொண்டுவந்து சேர்த்த நுண்வண்டல் போர்த்திய தெற்கு நோக்கிய சரிவுகளிலும் அது சரியாக வரும். பனிக்கட்டி மிகுந்த உறைமண்ணின் மேல் செய்தால் வேறு கதை. ஃபேர்பேங்க்ஸைச் சுற்றிக் காடழித்துத் திருத்திய வயல்களில், கீழே புதைந்திருந்த பனிக்கட்டி ஆப்புகள் உருகி, நிலம் குழியும் மேடுமாக அமர்ந்து, உழவு இயந்திரம் ஓட்ட முடியாமல் கைவிட வேண்டிவந்ததை டிராய் பெவே 1954-இல் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். இளம் படிமேடைகளில் பெரிய பனி ஆப்புகள் வளர நேரம் போதாது என்பதால் அங்கே இந்த ஆபத்து குறைவு. பழைய மேடைகளில் தோண்டிப் பார்க்காமல் சொல்லக் கூடாது.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது விவாதத்துக்கு உரியது என்று பிரித்துவிடுகிறேன். மண்ணின் மூலப்பொருள், இளம் திட்டின் உப்பும் சுண்ணாம்பும், ஆல்டரால் வரும் நைட்ரஜன், பாசிமெத்தை வெப்பத்தைத் தடுக்கும் விதம், அதை எடுத்தால் உறைமண் இறங்குவது ஆகியவை பலமுறை அளந்து பார்த்து உறுதிப்பட்டவை. வில்லோவிலிருந்து வெள்ளை ஸ்ப்ரூஸ் வரையான வரிசையிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வெள்ளை ஸ்ப்ரூஸ் காடு தானாகவே, வெளியிலிருந்து எதுவும் தலையிடாமல், காலப்போக்கில் கறுப்பு ஸ்ப்ரூஸ் காடாகி மண்ணும் உறைமண்ணாகிவிடும் என்ற கடைசிக் கட்டத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டேனியல் மான் குழுவினர் 1990-களில் டனானாச் சமவெளியின் நில வடிவங்களையும் காட்டின் வயதையும் சேர்த்துப் பார்த்து, எந்த இடத்தில் எது நிற்கிறது என்பதைக் காட்டுத்தீயும், வெள்ளம் போன வழியும், ஆறு எப்போது இடம் மாறியது என்பதும் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று வாதிட்டார்கள். எனக்கு இந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. நான் தோண்டிய பழைய மேடைக் குழிகளில் பாசிக்கரியின் அடியில் கரித்துண்டு இல்லாதவை சில மட்டுமே. தீ பாசிமெத்தையை எரித்துவிட்டால் கடிகாரம் பின்னால் திருப்பப்படுகிறது: தரை கறுத்து வெயிலை வாங்கும், உருகும் அடுக்கு ஆழமாகும், பிர்ச்சும் வில்லோவும் திரும்பவரும், மெத்தை மறுபடி தடித்தால் உறைமண் மறுபடி மேலேறலாம். ஆகவே நான் மேலே எழுதியதை எல்லா இடமும் ஏறியே தீர வேண்டிய படிக்கட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; தடை ஏதும் வராவிட்டால் மண் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காட்டும் போக்கு என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் குறிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் குழியை எந்த மாதம் தோண்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இங்கிருந்துகொண்டு நான் சொல்லும் தீர்ப்பு அந்த ஒரு செய்தியைப் பொறுத்தே நிற்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 பாகையிலோ அதற்குக் கீழோ இருந்தால்தான் உறைமண் என்று பெயர். ஜூன் மாதத்தில் அரை மீட்டரில் மண்வெட்டி கணீரென்று முட்டினால், அது சென்ற குளிர்காலத்து உறைவு இன்னும் உருகாமல் கிடப்பதாகவும் இருக்கலாம். பாசி மூடிய வெள்ளை ஸ்ப்ரூஸ் தரையில் இது மிகச் சாதாரணம். நான் முதல் கோடையில் அவசரப்பட்டு உறைமண் என்று எழுதிவைத்த ஒரு குழியில் ஆகஸ்ட் இறுதியில் திரும்பப் போனபோது கம்பி முழு நீளமும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. செப்டம்பரில், உருகுதல் உச்சத்தை எட்டும் நேரத்தில், ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரும்புக் கம்பியைப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் குத்திப் பார்த்து அளந்த ஆழம் குறிப்பில் இருந்தால் அது ஜெலிசால் என்று தயங்காமல் எழுதலாம். ஜூன் மாதக் குறிப்பாக இருந்தால், மேலே நின்ற மரம் கறுப்பு ஸ்ப்ரூஸா வெள்ளை ஸ்ப்ரூஸா, பாசியில் ஸ்ஃபாக்னம் இருந்ததா, துருப்புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்கின என்ற மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்; அவற்றை வைத்து ஓரளவு ஊகிக்க முடியும்.